கெட்டித்தனம் யாருடைய முதுசொம்?
கல்வி அடைவு பற்றிய எமது நம்பிக்கைகள் மீது ஒரு விமர்சனம்

யாழ்ப்பாணத்துத் தேசவழமை ஒருவருடைய சொத்தை முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என மூன்றாக வகுக்கின்றது. மூதாதையர் வழியாக வந்தது முதுசொம். மணத்தின்போது மகளுக்குக் கொடுபடுவது சீதனம். மணவாழ்வுக் காலத்தில் உழைத்துச் சேர்த்தது தேடியதேட்டம். கல்வியிற் சிறந்து விளங்கும் ஆற்றலை இம்மூன்றனுள் எதனில் அடக்கலாம் என்று கேட்டால், வடபுலத்தவராகிய எம்மிற் பெரும்பாலோர் தயக்கமின்றி அதனை முதுசொத்திலேயே சேர்ப்பர். "எங்கட ஆக்களுக்குப் படிப்பு இரத்தத்திலை ஊறினது" என்ற வாக்கியத்தைக் கேளாமல் வளர்ந்த யாழ்ப்பாணத்து மாணவன் ஒருவனைக் காண்பது அரிது. நானும் அதைக் கேட்டே வளர்ந்தேன், சொல்லியும் இருக்கின்றேன்.

பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னர், விடுதியிலும் சிற்றுண்டிச்சாலையிலும் இன்னொரு வாக்கியத்தைக் கேட்டேன். "தோட்டத்துப் பிள்ளையளுக்குப் படிப்பிலை அவ்வளவு நாட்டமில்லை" என்பது அது. முன்னையதைப் பெருமையோடும் பின்னையதை அனுதாபத்தோடும் சொல்கின்றோம். ஆயின் இரண்டும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. ஒரு குழுவினரின் கல்வி அடைவுக்குக் காரணம் அக்குழுவினரின் இயல்பே என்பது இரண்டுக்கும் பொதுவான எடுகோள். அவ்வெடுகோளை விமர்சிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கல்வி அடைவிற் பண்பாட்டுக்குப் பங்கே இல்லை என்று நிறுவ நான் முற்படவில்லை. பண்பாடு என்று நாம் அழைப்பது எவ்வாறு உருவாகின்றது, எவற்றால் நிலைபெறுகின்றது என்ற கேள்விகளைக் கேளாமல், அதனையே இறுதி விடையாகக் கொள்வதிலுள்ள தவற்றையே சுட்ட விழைகின்றேன்.

அறிஞர் கூறுவன

குழுக்களிடையே காணப்படும் கல்வி வேறுபாடுகளைப் பற்றிய ஆராய்ச்சி 1960களில் மேலைநாடுகளில் முனைப்புப் பெற்றது. ஐக்கிய அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மனும் அவரது குழுவினரும் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவரை ஆராய்ந்து 1966இல் வெளியிட்ட அறிக்கை பெரும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது. பாடசாலைகளுக்கிடையிலுள்ள வள வேறுபாடுகளைக் காட்டிலும் மாணவரின் குடும்பப் பின்னணியே அவர்தம் அடைவோடு நெருங்கிய தொடர்புடையது என்பது அவ்வறிக்கையின் முடிபு. இங்கிலாந்தில் பேசில் பேண்ஸ்ரைன், தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் வீட்டிற் பழகும் மொழிமுறைக்கும் பாடசாலை எதிர்பார்க்கும் மொழிமுறைக்கும் இடையேயுள்ள தூரத்தை எடுத்துக்காட்டினார். பிரான்சில் பியேர் பூர்தியுவும் ஜோன் குளோட் பஸ்ரோனும் 1964இலும் 1970இலும் வெளியிட்ட நூல்களில், மேல்வகுப்பாரின் வீட்டுப் பழக்கங்களையே பாடசாலை 'திறமை' எனப் பெயரிட்டுப் பரிசளிக்கின்றது என வாதிட்டனர். பணம் கைமாறுவது போலவே பேச்சும் இரசனையும் நூற்பழக்கமும் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குக் கைமாறுகின்றன. இதனையே பூர்தியு பண்பாட்டு மூலதனம் என்றார்.

இக்கருத்துகளைப் பலர் குறைபாட்டுக் கொள்கையாகச் சுருக்கிக்கொண்டனர். வறியவர் வீட்டில் மொழி இல்லை, நூல் இல்லை, ஊக்கம் இல்லை. ஆகவே பிள்ளை தோற்கின்றது என்பது அச்சுருக்கம். இதனை வன்மையாக மறுத்தவருள் மொழியியலாளர் வில்லியம் லபோவ் முதன்மையானவர். நியூயோர்க்கின் ஹார்லம் பகுதியில், பரிசோதகர் முன்னே ஓரிரு சொற்களுக்கு மேற் பேசாத கறுப்பினச் சிறுவனொருவன், பரிசோதகர் தரையில் அமர்ந்து, உருளைக்கிழங்குப் பொரியலைப் பகிர்ந்து, அவனது தோழனையும் அழைத்து வைத்துக்கொண்டபோது தடையின்றி உரையாடினான். குறை சிறுவனின் மொழியில் இருக்கவில்லை; அவன் நிறுத்தப்பட்ட சூழலில் இருந்தது.

மானிடவியலாளர் ஜோன் ஒக்பு எடுத்துக்காட்டிய ஜப்பானிய உதாரணமும் மனங்கொள்ளத்தக்கது. ஜப்பானிற் புறக்கணிக்கப்பட்ட புராக்குமின் சமூகத்தினர் ஏனைய ஜப்பானியரோடு இனத்தாலும் மொழியாலும் வேறுபடாதவர். ஆயினும் ஜப்பானியப் பாடசாலைகளில் அவர்களது அடைவு தாழ்ந்திருந்தது. அமெரிக்காவிற் குடியேறிய புராக்குமின் பிள்ளைகளிடமோ அத்தாழ்வு காணப்படவில்லை என அவர் எழுதினார். கடல் கடந்ததால் எவருடைய மூளையும் மாறிவிடுவதில்லை. மாறியது அவர்களைச் சூழ்ந்திருந்த சமூகத்தின் பார்வையும், படிப்புக்குக் கிடைக்கக்கூடிய பயனுமாகும்.

இக்கண்ணோட்டத்தோடு எமது நாட்டுக்குத் திரும்புவோம்.

யாழ்ப்பாணத்துக் கல்விப் பண்பாடு தோன்றிய வகை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறில்லை. சுண்ணக்கற் பாறையின்மேற் படிந்த மெல்லிய மண்ணும், கிணற்று நீரும், வானம் பார்த்த நெல்வயலும், புகையிலைத் தோட்டமும், பனையுமே அதன் செல்வம். தலைமுறைதோறும் சீதனமாகப் பிரிபட்டுச் சென்ற காணிகள் ஒரு குடும்பத்தைத் தாங்கும் அளவிற் பெரும்பாலும் இருக்கவில்லை. நிலம் தரமறுத்ததை வேறோரிடத்தில் தேடவேண்டிய நிர்ப்பந்தம் அச்சமூகத்துக்கு இருந்தது.

அந்நிர்ப்பந்தம் ஒன்றே போதுமாயின் உலகின் வரண்ட நிலங்களெல்லாம் பட்டதாரிகளை விளைவித்திருக்கும். யாழ்ப்பாணத்தில் அதனோடு ஒரு வரலாற்று நிகழ்வும் வந்து சேர்ந்தது. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் அங்கு பணியைத் தொடங்கினர். பிரித்தானிய ஆட்சியாளர் அமெரிக்கரின் பணியைக் குடாநாட்டோடு மட்டுப்படுத்தியமையால், அவர்தம் பணமும் ஆளணியும் ஒரு சிறிய நிலப்பரப்பிலேயே குவிந்தன. 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியும், 1824இல் உடுவிலிற் பெண்கள் விடுதிப் பாடசாலையும் தோன்றின. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையிற் பயின்றவர்களே. மிஷன் பள்ளிக்கு எதிர்வினையாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1923இல் தோன்றிய சைவ வித்தியாவிருத்திச் சங்கம் கிராமந்தோறும் பள்ளிகளை எழுப்பிற்று. மதப்போட்டி காரணமாக ஒரே ஊரில் இரண்டு பள்ளிகள் எழுந்தன. பயன் பெற்றவர் பிள்ளைகள்.

பள்ளி இருந்தது, அப்பள்ளியிற் படித்தவனுக்கு வேலையும் இருந்தது என்பதே இதனினும் முக்கியமானது. ஆங்கிலம் கற்றவனைக் கொழும்பின் திணைக்களங்களும் மலாயாவின் புகையிரதப் பகுதியும் ஏற்றுக்கொண்டன. மலாயாவிலிருந்து வந்த மணியோடர் கல்வீட்டைக் கட்டியது. தங்கையின் சீதனத்தைக் கொடுத்தது. தம்பியின் கட்டணத்தைச் செலுத்தியது. மாப்பிள்ளைச் சந்தையிலும் உத்தியோகத்தரின் விலை உயர்ந்தது. "கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலை மேய்க்கவேணும்" என்ற பழமொழி இவ்வனுபவத்தின் சாரம். படிப்புக்குப் பயன் உண்டு என்பதை அயல்வீட்டைப் பார்த்தே பிள்ளை அறிந்துகொண்டது. இரண்டு மூன்று தலைமுறைகள் இவ்வாறு கழிந்த பின்னர், காரணங்கள் மறக்கப்பட்டன, பழக்கம் எஞ்சியது. அப்பழக்கத்துக்கே 'இரத்தம்' என்று பெயரிட்டோம்.

வாசலுக்கு வெளியே நின்றவர்

இக்கதையை இத்துடன் நிறுத்துவது நேர்மையன்று. மேற்கூறிய கல்விப் பண்பாட்டின் வாசல் யாழ்ப்பாணத்தார் அனைவருக்கும் திறந்திருக்கவில்லை. மிஷன் பள்ளிகள் பலவும் சாதி வழமைக்கு விட்டுக்கொடுத்தன. சைவப் பள்ளிகள் அவ்வழமையை அறமாகவே பேணின. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் சேர்க்கப்பட்ட இடங்களிலும் தரையில் இருத்தப்பட்டனர். நன்கொடை பெறும் பள்ளிகளிற் சமாசனம் வழங்கப்படவேண்டும் என 1929இல் அரசு பணித்தபோது, எதிர்ப்பு மனுக்கள் எழுந்தன. சில ஊர்களிற் பள்ளிக் கொட்டில்கள் எரிந்தன. கல்வியைத் தெய்வமாகப் போற்றிய அதே சமூகமே பள்ளிக்குத் தீயும் வைத்தது.

யாழ்ப்பாணத்தாருக்குக் கல்வி இயல்பு என்று சொல்பவர், குடாநாட்டின் சனத்தொகையிற் கணிசமான ஒரு பகுதியினரை யாழ்ப்பாணத்தார் என்ற சொல்லுக்குள் அடக்காமலேயே அவ்வாறு கூறுகின்றனர். ஒரே மண், ஒரே மொழி, ஒரே கோயில் வீதி. ஆயினும் அடைவில் மலையளவு வேறுபாடு. பண்பாடு அனைவருக்கும் பொதுவாயின் அவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? இரத்தக் கொள்கையினால் இவ்வினாவுக்கு விடை கூறமுடியாது. வாசலைக் கண்டவருக்கே விடை தெரியும். ஒடுக்கப்பட்டோர் அமைப்புகளின் இடைவிடாத கோரிக்கையின் பேறாக 1950களின் பிற்பகுதியில் அவர்தம் ஊர்களில் அரசாங்கப் பாடசாலைகள் திறக்கப்பட்டன. தொடர்ந்து அவற்றிலிருந்து ஆசிரியரும் பட்டதாரிகளும் எழுத்தாளரும் தோன்றினர். அவர்களது 'நாட்டம்' அதற்கு முன்னர் எங்கே உறங்கிற்று?

மலையகம்: நாட்டமின்மை தோன்றிய வகை

இனி இரண்டாவது வாக்கியத்தை நோக்குவோம். பெருந்தோட்டப் பிள்ளைகளின் கல்வி தொடர்பாக 1907ஆம் ஆண்டிலும் 1920ஆம் ஆண்டிலும் கட்டளைச் சட்டங்கள் ஆக்கப்பட்டன. 1920ஆம் ஆண்டின் சட்டம் ஆறு முதற் பத்து வயதுவரையான பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்திடம் ஒப்படைத்தது. கொழுந்து பறிக்கக் கைகள் தேவைப்பட்ட ஒருவரிடமே, அக்கைகளுக்கு எழுத்தறிவிக்கும் கடமையும் விடப்பட்டது. ஓராசிரியர், ஓரறை, ஐந்து வகுப்புகள் என்பதே தோட்டப் பாடசாலையின் பொது உருவம். பல இடங்களிற் பிள்ளைக் காம்பராவுக்கும் பாடசாலைக்கும் பெயரளவிலேயே வேறுபாடு இருந்தது.

1945இல் கன்னங்கரா காலத்து இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கிராமத்துப் பிள்ளை பல்கலைக்கழகம்வரை செல்ல அது வழி திறந்தது. ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும் தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்கு அவ்வழி தொடங்குமிடமே எட்டாத தூரத்தில் இருந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோயிற்று. வாக்கில்லாதவருக்குப் பாடசாலை கட்டிக்கொடுக்க எந்த அரசியல்வாதிக்கும் அவசரம் ஏற்படாது. 1960-61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் விடுபட்டன. அவை அரசின் கைக்கு முறையாக வந்தது 1970களின் பிற்பகுதியிலேயே. இலவசக் கல்விக்கும் அப்பொறுப்பேற்புக்கும் இடையே முப்பது ஆண்டுகள், அதாவது ஒரு தலைமுறைக்கும் மேற்பட்ட காலம், கழிந்துவிட்டது.

1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் மேலும் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதெனத் தீர்மானித்தது. எந்த நாட்டில் வாழப்போகின்றோம் என்பதே தெரியாத பெற்றோர், எந்த நாட்டுப் பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார்செய்வர்? தோட்டத்தை விட்டு வெளியேறி உத்தியோகம் பெறக் குடியுரிமை வேண்டும். அக்குடியுரிமை இல்லாதவிடத்துப் படிப்பு என்ன பயனைத் தரும்? யாழ்ப்பாணத்துப் பிள்ளை அயல்வீட்டைப் பார்த்துப் படிப்பின் பயனைக் கற்றது என்றேன். லயத்துப் பிள்ளையும் அயற் காம்பராவைப் பார்த்தே கற்றது. படித்தவனும் கொழுந்து மடுவத்துக்கே திரும்பியதை அது கண்டது. இரண்டு பிள்ளைகளும் ஒரே விதமான அறிவுடைமையோடு தம் உலகைக் கணித்தன. அவற்றின் உலகங்களே வேறுபட்டிருந்தன. இக்கணிப்பையே நாம் நாட்டமின்மை என்கின்றோம்.

நிலைமை மாறியதும் நாட்டமும் மாறியதைக் காண்கின்றோம். குடியுரிமைப் பிரச்சினை படிப்படியாகத் தீர்ந்து, பாடசாலைகள் அரசிடம் வந்து, வெளிநாட்டு உதவியுடன் கட்டடங்கள் எழுந்து, பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்து, மலையக இளைஞர் ஆயிரக்கணக்கில் ஆசிரியராக நியமனம் பெற்றபோது, படித்தால் லயத்தை விட்டு வெளியேறலாம் என்பதற்குக் கண்கண்ட சான்று ஒவ்வொரு தோட்டத்திலும் தோன்றியது. இன்று ஆசிரியரில்லாத மலையகப் பாடசாலையின் வாயிலிற் பெற்றோர் போராட்டம் நடத்தும் செய்திகளைப் படிக்கின்றோம். நாட்டமில்லாதவர் போராடுவதில்லை. ஆயினும் உயர்தர விஞ்ஞான வகுப்புள்ள பாடசாலைகள் அங்கு இன்றும் அருமையாகவே உள்ளன. நாட்டம் வந்தபின்னும் வாசல் அகலவில்லை.

முஸ்லிம் சமூகத்தின் உதாரணமும் இங்கு பொருந்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் முஸ்லிம் பெற்றோர் மிஷன் பள்ளிகளைத் தவிர்த்தனர். மதமாற்றம் பற்றிய அச்சமே அதற்குக் காரணம். அதனை வணிகச் சமூகத்தின் கல்வி அசட்டை என்று விளக்கியவரும் உளர். சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கி, தம்மவருக்கெனப் பாடசாலைகள் அமையவேண்டும் என வாதாடினார். பின்னர் ஸாஹிறாவும் அதன் வழியில் ஏனைய முஸ்லிம் பாடசாலைகளும் வளர்ந்தன. பிள்ளையை அனுப்ப அஞ்சவேண்டாத பள்ளி ஊரிலேயே அமைந்தபோது அசட்டை அகன்றது. இன்று எமது விரிவுரை மண்டபங்களில் முன்வரிசையை நிறைத்திருக்கும் முஸ்லிம் மாணவியரின் பாட்டிமாருட் பலர் ஆரம்ப வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள். பண்பாடு இரண்டு தலைமுறைக்குள் இத்துணை மாறுமாயின், அதனை மாறாத இயல்பாகக் கொள்வது எங்ஙனம் பொருந்தும்?

எம்மீது திருப்பப்பட்ட அதே வாதம்

தரப்படுத்தலைப் பற்றி எழுதாமல் இவ்விடயத்தைக் கடக்க இயலாது. 1971இல் மருத்துவ பீடத்துக்கு அனுமதி பெறத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 400க்கு 250 புள்ளிகளும், சிங்களமொழி மூல மாணவருக்கு 229 புள்ளிகளும் வேண்டப்பட்டன. 1969இற் பொறியியற் பீட அனுமதியில் ஏறத்தாழ 48 சதவீதமாக இருந்த தமிழரின் பங்கு 1974இல் ஏறத்தாழ 16 சதவீதமாக வீழ்ந்தது. ஒரு தலைமுறை இளைஞரின் மனத்தில் இது ஏற்படுத்திய காயத்தையும் அதன் அரசியல் விளைவுகளையும் விரித்துரைக்கத் தேவையில்லை.

அக்காலத்தில் இந்நடவடிக்கைக்குக் கூறப்பட்ட நியாயங்களை நோக்குக. தமிழர் படிப்பிற் கெட்டிக்காரர், போட்டியில் அவர்களை வெல்லமுடியாது என்பது ஒன்று. தமிழ்ப் பரீட்சகர் தம்மவருக்குப் புள்ளிகளை வாரி வழங்குகின்றனர் என்ற சந்தேகம் மற்றொன்று. முதலாவது எமது பெருமைப் பேச்சின் எதிரொலி. நாம் இயல்பு என்று கொண்டாடியதையே பிறர் அநீதியான அனுகூலம் என்று கண்டனர். எமது கெட்டித்தனம் இயற்கையானது என்றால், அதனைக் கட்டுப்படுத்துவதும் நியாயமே என்று வாதிட ஒருவருக்கு வழி பிறக்கின்றது. மாறாக அது பள்ளிகளாலும் ஆய்வுகூடங்களாலும் ஆசிரியர்களாலும் விளைந்தது என ஏற்றுக்கொண்டால், அவற்றை ஏனைய பகுதிகளுக்கும் வழங்குக என்ற கோரிக்கையே நேரிய விடையாகும். அன்று அக்கோரிக்கை எந்தத் தரப்பிலும் உரக்க ஒலிக்கவில்லை.

மொழிவாரித் தரப்படுத்தல் இனப்பாகுபாடு என்பதில் ஐயமில்லை. வறுமையையோ வசதியின்மையையோ அது அளவுகோலாகக் கொள்ளவில்லை. கொழும்பின் பெரிய பாடசாலையிற் சிங்களத்திற் கற்றவனுக்கு அனுகூலமும், மன்னாரின் குக்கிராமத்திற் தமிழிற் கற்றவனுக்குப் பிரதிகூலமும் அளித்தது. 1974இல் வந்த மாவட்டக் கோட்டா முறையின் தன்மை வேறு. அது யாழ்ப்பாணத்தைத் தாக்கிற்று; ஆயினும் மன்னார், வவுனியா, மட்டக்களப்பு முதலிய மாவட்டங்களின் தமிழ் மாணவர் சிலருக்கு முதன்முறையாகக் கதவைத் திறந்தது. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் அழைத்து ஒரே மூச்சிற் கண்டிப்பது எமது வழக்கமாகிவிட்டது. தமிழருக்கு இழைக்கப்பட்டது என்று நாம் எழுதும்போது, எந்தத் தமிழரைப் பற்றி எழுதுகின்றோம் என்று நின்று சிந்திப்பதில்லை.

இன்று பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றது. மாவட்டத்தை அலகாகக் கொள்ளும் இம்முறைக்கு மாவட்டத்துக்கு உள்ளேயுள்ள இடைவெளி புலப்படுவதில்லை. நுவரெலியா மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி தாழ்ந்திருப்பதன் பயனைப் பெறுபவர் எல்லோரும் லயத்துப் பிள்ளைகளல்லர். மாவட்டத்தின் பெயரால் வழங்கப்படுவதை, அம்மாவட்டத்தில் விஞ்ஞான ஆய்வுகூடமுள்ள பாடசாலைக்கு அண்மையில் வாழ்பவரே எளிதிற் பெற்றுக்கொள்கின்றனர்.

ஓர் ஆட்சேபம்

எனது வாதத்துக்கு எதிராக வலுவான ஓர் ஆட்சேபம் எழக்கூடும். 1990களின் முற்பகுதியிற் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணம் இருளில் மூழ்கிக் கிடந்தது, மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தங்கத்தின் விலை விற்றது. போத்தல் விளக்கின் ஒளியிற் படித்தே மாணவர் பரீட்சைக்குத் தோற்றினர். 1995இன் இடப்பெயர்வின் பின்னர் மரநிழலிலும் கொட்டிலிலும் வகுப்புகள் நடந்தன. வசதிகளே கல்வியை ஆக்குமாயின், வசதிகள் அனைத்தும் அழிந்தபின்னும் அக்கல்வி எவ்வாறு எஞ்சியது? இது பண்பாட்டின் வெற்றியன்றோ?

இவ்வாட்சேபத்தில் உண்மை உண்டு. ஒருமுறை உருவான பண்பாடு, அதனை உருவாக்கிய நிலைமைகள் குன்றிய பின்னரும் சிலகாலம் தாங்கி நிற்கும். எனது பெற்றோரின் தலைமுறை அதற்குச் சாட்சி. அவர்களது உழைப்பைச் சிறுமைப்படுத்துவது எனது எண்ணமன்று. ஆயினும் அப்போது எஞ்சியிருந்தவற்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். கட்டடம் போயிற்று, ஆசிரியர் இருந்தனர். சம்பளம் தாமதமாகியும் அவர்கள் வகுப்பெடுத்தனர். பரீட்சைகள் நடந்தன. பழைய வினாத்தாள்களும், அண்ணன்மாரின் கொப்பிகளும், எதைப் படிக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வீட்டில் ஒருவரும் இருந்தனர். நூற்றைம்பது ஆண்டுகளின் சேமிப்பு அது. அச்சேமிப்பைத் தொடங்கவே அனுமதிக்கப்படாதவரிடம் சென்று, 'நாங்கள் போத்தல் விளக்கிற் படித்தோமே, நீங்கள் ஏன் படிக்கவில்லை?' என்று வினவுவது நியாயமாகாது. போத்தல் விளக்கு வன்னியின் எல்லைக் கிராமத்திலும் எரிந்தது. லயக் காம்பராவிலும் எரிந்தது. விளக்கின் முன்னே என்ன புத்தகம் இருந்தது, அதனை விளக்க யார் இருந்தார் என்பதே வினா.

சிரிப்பின் விலை

இறுதியாக எனது சொந்த அனுபவம் ஒன்றைக் குறிப்பிட விரும்புகின்றேன். முதலாம் வருடத்துக் கலந்துரையாடல் வகுப்பொன்றில், மலையகத்திலிருந்து வந்த சகமாணவர் ஒருவர் தமது ஊர்ப் பேச்சுவழக்கிற் கருத்துக் கூறத் தொடங்கினார். "அவுங்க" என்ற அவரது உச்சரிப்பைக் கேட்டு எங்களிற் சிலர் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தத் தவணை முடியும்வரை அவர் வகுப்பில் வாய் திறக்கவில்லை. அவருக்குப் பாடத்தில் அக்கறையில்லை என்று நாங்களே பின்னர் பேசிக்கொண்டோம்.

மாதங்கள் சில கழித்து, விடுதியில் ஓரிரவு புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' பற்றிப் பேச்சு எழுந்தது. தேயிலைத் தோட்டத்துக்கு வந்த ஏழைப் பெண்ணின் கதையை நாங்கள் உருவம், உத்தி என்று அலசிக்கொண்டிருந்தோம். அவரோ தம் பாட்டி சொல்லிய கதைகளைக் கொண்டு, கங்காணியின் கடன் கணக்கையும், மன்னாரிலிருந்து மலைக்கு நடந்து வந்தவரின் பயணத்தையும், தோட்டத்துப் பெண்ணின் நிலையையும் இரண்டு மணி நேரம் எடுத்துரைத்தார். கதையில் எது மெய், எது எழுத்தாளர் தூரத்திலிருந்து கற்பித்தது என்று அவர் பிரித்துக் காட்டியவிதம், நான் கேட்ட விரிவுரைகள் பலவற்றினும் மேலானது. லபோவின் கட்டுரையை அதன் பின்னரே படித்தேன். படித்தபோது வெட்கமாக இருந்தது. பரிசோதகரின் நாற்காலியில் நாங்களே அமர்ந்திருந்தோம்.

குழுக்களிடையிலான அடைவு வேறுபாடு சட்டத்தாலும் நிதியாலும் மட்டுமன்றி இத்தகைய சிரிப்புகளாலும் பேணப்படுகின்றது. தன்னிடம் எதிர்பார்ப்பு இல்லை என்று உணரும் மாணவன் தன்னைச் சுருக்கிக்கொள்கின்றான். அவன் சுருங்கியதையே எதிர்பார்ப்பின்மைக்குச் சான்றாக நாம் காட்டுகின்றோம்.

முடிவாக, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். கல்வி எமது முதுசொமன்று, அது தேடியதேட்டம். தேசவழமையின்படி தேடியதேட்டம் அதனைத் தேடிய இருவருக்கும் உரியது. ஒருவர் மட்டும் உரிமை கோர முடியாது. 1945இல் இந்நாடு இலவசக் கல்வியை வழங்கத் துணிந்தபோது, அரசின் வருவாயிற் கணிசமான பங்கு பெருந்தோட்ட ஏற்றுமதியிலிருந்தே வந்தது. தேயிலைக் கூடையைச் சுமந்தவரின் உழைப்பு எமது பாட்டன்மாரின் வகுப்பறைகளுக்கும் இப்பல்கலைக்கழகத்தின் சுவர்களுக்கும் கல்லாயிற்று. அத்தேட்டத்தின் பங்காளிகள் தம் பங்கைக் கேட்டு வாசலில் நிற்கின்றனர். அவர்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று கூறும் வாக்கியத்தை இனிமேலாவது நாம் கைவிடவேண்டும். கைவிட்ட பின்னர், அவர்களது பாடசாலைகளுக்கு ஆசிரியராகச் செல்ல எம்முள் எத்தனை பேர் ஆயத்தம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.